பூச்சாடிக்குக் கீழே முதலாம் வகுப்பு வாங்கு

தலைமைக் கதிரையை நிறைத்து அமர்ந்திருக்கும் பெருந்தகையே! எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் தலைவரே! பல் வைத்தியராய் இந்த வெள்ளவத்தையில் பாதிப் பேருடைய வாய்க்குள்ளே எட்டிப் பார்த்து, அங்கே கண்டதை ஒருவரிடமும் சொல்லாத பெரிய மனிதர் நாகேந்திரம் ஐயா அவர்களே! முன்வரிசையில் அடக்கமாக அமர்ந்திருக்கும், எங்கள் பாடசாலையின் இன்றைய அதிபர் ஜவாஹிறா அவர்களே! அழைப்பிதழ் அடித்து, ஆட்களைக் கூட்டி, ஆறு மணிக்கென்று சொன்ன கூட்டத்தை ஏழு மணிக்காவது தொடங்கிவைத்த செயலாளர் ஜனா அவர்களே! வயதால் மூத்தோரே, வாழ்வால் மூத்தோரே, என்னோடு ஒரே வகுப்பில் இருந்துவிட்டு இன்றைக்கு என்னைவிட இளமையாய்த் தெரிகிற தோழிகளே!

கடைசியாகச் சொன்னாலும் முதலாவதாக வைத்து வணங்குகிறேன், தாய்மாரே! கொட்டாஞ்சேனையிலும் கிராண்ட்பாஸிலும் இருந்து, மழையில் நனைந்து, பஸ்ஸில் நெரிபட்டு, பிள்ளையை இடுப்பிலும் குடையைக் கையிலும் பிடித்துக்கொண்டு வந்து, இருக்க இடமில்லாமல் பின்சுவரோடு நிற்கிற தாய்மாரே! உங்கள் எல்லோருக்கும் உஷாந்தியின் வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும். தம்பிமாரே, நடுவரிசையில் கால் நீட்டி இருக்கிற தம்பிமாரே, அந்த அம்மாக்களுக்குக் கொஞ்சம் எழும்பி இடம் கொடுங்கோ. ஓம், நீங்கள்தான். ஆ, நல்லது, நன்றி.

எனக்குத் தந்த தலைப்பு என்ன தெரியுமா? "இடிந்த மாளிகையும் இடியாத நினைவுகளும்." ஜனா தம்பி போனில் சொன்னார், "அக்கா, நீங்கள் பேசினால் சபை அழும், அப்படியே அழ வையுங்கோ" என்று. தம்பி, மன்னிக்க வேண்டும். நான் இன்றைக்கு ஒருவரையும் அழ வைக்க வரவில்லை. வாற திங்கட்கிழமை கல்விப் பணிமனையிலிருந்து எங்கள் பாடசாலையைப் பார்க்க வருகிறார்கள். பிள்ளைகள் ஒழுங்காக அமர்ந்து படிக்க வாங்குப் பலகை இல்லை, மேசை இல்லை என்று கண்டால், ஆரம்பப் பிரிவை மூடிப் பொரளையில் இருக்கிற ஒரு பாடசாலையோடு சேர்த்துவிடுவார்கள். அதைச் சொல்லத்தான் இந்த ஒலிவாங்கிக்கு முன்னால் நிற்கிறேன்.

முதலில் தலைப்புக்குரிய மரியாதையைச் செய்துவிடுகிறேன்.

கொட்டாஞ்சேனை வளர்மதித் தமிழ்க் கலவன் பாடசாலை! அது என்ன கட்டடம்! சீமெந்து காணாத சுவர், சுண்ணாம்பு குழைத்த சுவர், சாய்ந்து நின்றால் சட்டையெல்லாம் வெள்ளையாகிற சுவர்! துறைமுகத்தில் கப்பல் ஊதினால் தலைக்கு மேலே ஓடு அதிரும். நீண்ட மண்டபம், நெடிய மண்டபம், நடுவிலே ஒரு சுவர்கூட இல்லாத மண்டபம்! முதலாம் வகுப்பு தொடக்கம் ஐந்தாம் வகுப்பு மட்டும் ஒரே கூரைக்குக் கீழே. வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையில் எல்லை எது? ஓர் அலுமாரி. அந்த அலுமாரிக்கும் கதவில்லை.

இன்றைக்கு இருக்கிற ஆசிரியர்கள் கேட்பார்கள், அப்படியொரு இரைச்சலில் எப்படிப் படித்தீர்கள் என்று. எப்படிப் படித்தோம்? முறை வைத்துப் படித்தோம்! இரண்டாம் வகுப்பு வாய்ப்பாடு சொன்னால் மூன்றாம் வகுப்பு எழுத வேண்டும். மூன்றாம் வகுப்பு பாட்டுப் படித்தால் நான்காம் வகுப்பு கணக்குச் செய்ய வேண்டும். ஒரு ரீச்சர் கையை உயர்த்தினால் மற்ற ரீச்சர் தன் வகுப்பை அடக்குவார். ஒருத்தருடைய சத்தத்துக்கு மற்றவர் இடம் விடுவது எப்படி என்று எங்களுக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தரவில்லை. அந்தச் சுவரில்லாத மண்டபம்தான் சொல்லித் தந்தது.

அதிலே லாபமும் இருந்தது. மூன்றாம் வகுப்பில் இருந்துகொண்டே ஐந்தாம் வகுப்புப் பாடமும் காதில் விழும். ஒருநாள் ஐந்தாம் வகுப்பில் ஒரு பெரிய பையன் பின்னக் கணக்குக்கு விடை தெரியாமல் முழிக்கிறான். ரீச்சர் கேட்கிறார், கேட்கிறார், கேட்டுக்கொண்டே இருக்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை. அலுமாரிக்கு இந்தப் பக்கத்தில் இருந்து விடையைக் கத்திவிட்டேன்! விடை சரி. ஆனால் ஐந்தாம் வகுப்பு ரீச்சர் வந்து ஒரு குட்டு, என்னுடைய ரீச்சர் ஒரு குட்டு, இடைவேளையில் அந்தப் பையன் வந்து ஒரு குட்டு. அந்தப் பையன் இப்போது மூன்றாம் வரிசையில் இருக்கிறார். சிரிக்காதேயுங்கோ, தர்ஷன் அண்ணா, பெயரை நான் சொல்லியிருக்க மாட்டேன், நீங்களாகத்தான் காட்டிக் கொடுத்தீர்கள்.

அந்த மண்டபம் எங்களுக்குப் படிப்பு மட்டுமா தந்தது? எண்பத்து மூன்று ஆடிக் கலவரம். வீடு போனவர்கள், கடை போனவர்கள், உடுத்த உடுப்போடு ஓடி வந்தவர்கள் எங்கே படுத்தார்கள்? வாங்குகளை இரண்டு இரண்டாகச் சேர்த்துப்போட்டுப் பிள்ளைகளை மேலே படுக்க வைத்தார்கள். பெரியவர்கள் கீழே இருந்தார்கள். கிராண்ட்பாஸிலிருந்து முஸ்லிம் சகோதரர்கள் பாணும் பருப்பும் கொண்டுவந்து தந்தார்கள். நானும் என் தங்கச்சியும் முதலாம் வகுப்பு வாங்கிலே கால் மடக்கிப் படுத்தோம். இதை உருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியும். உருக்கம் வேண்டாம், நடந்தது நடந்தது.

இப்போது சிலருக்குக் கசக்கிற ஒன்றைச் சொல்கிறேன். அந்தக் கட்டடத்தை இடித்தது சரி! ஓம், சரி என்றுதான் சொல்கிறேன். என்ன, பின்னால் முணுமுணுப்பு? கூரை மரத்தைக் கறையான் தின்றது. சுவரிலே கை போகிற வெடிப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் வகுப்புக்கு மேலே வளைமரம் முறிந்து விழுந்தது. அது திங்கட்கிழமை விழுந்திருந்தால் நாங்கள் இன்றைக்கு வேறொரு கூட்டம் கூட்டியிருப்போம். வயசான கட்டடம் போனது. அதற்காக நான் ஒருவரையும் ஏசமாட்டேன். புதுக் கட்டடத்துக்குத் தூண் எழுப்பினார்கள். நாட்டிலே நெருக்கடி வந்தது, பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, சீமெந்து விலை வானத்துக்குப் போனது, தூண் தூணாகவே நின்றுவிட்டது. அதற்கும் நான் ஒருவரையும் ஏசமாட்டேன்.

பின்னே யாரை ஏச வந்தாய் என்று கேட்கிறீர்களா? பொறுங்கோ, வருகிறேன்.

இடிக்கிறதுக்கு முதல் கிழமை நாங்கள் ஒரு பிரியாவிடை வைத்தோம். நினைவிருக்கிறதா? நிறைகுடம் வைத்தோம், குத்துவிளக்கு ஏற்றினோம், ஆண்டு வாரியாக நின்று படம் எடுத்தோம். அதற்குப் பிறகு என்ன செய்தோம்? "ஒரு ஞாபகத்துக்கு" என்று ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டோம்! அதிலும் எங்களுக்கு ஒரு ஒழுங்கு பாருங்கள்: மூத்த ஆண்டு முதலில், இளைய ஆண்டு பிறகு. ஒரு வாங்குதானே என்று ஒருவர் தூக்கினார். ஒரு மேசைதானே என்று ஒருவர் தூக்கினார். ஒரு கரும்பலகைதானே என்றார் ஒருவர். ஒரு யன்னல்தானே, ஒரு கதவுதானே, ஒரு மணிதானே! ஒன்றுதானே, ஒன்றுதானே, ஒன்றுதானே என்று சொல்லிச் சொல்லி, அன்பினாலே, ஆசையினாலே, கண்ணீரும் கம்பலையுமாக நாங்கள் ஒரு முழுப் பள்ளிக்கூடத்தையும் தூக்கிக்கொண்டு போய்விட்டோம்! கறையான் விட்டு வைத்ததைக் கூட நாங்கள் விட்டு வைக்கவில்லை.

அதிபர் அம்மா என்ன செய்வார்? முன்னால் நிற்கிறவர்கள் டாக்டர், எஞ்சினியர், லோயர். எல்லாரும் பழைய மாணவர். அழுதுகொண்டு நிற்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. புதுக் கட்டடத்துக்குப் புதுத் தளபாடம் வரத்தானே போகிறது என்று அவரும் நம்பினார். இன்றைக்கு அவர் தளபாடம் கேட்டு எழுதினால், "பதிவேட்டின்படி உங்கள் பாடசாலையில் போதிய அளவு இருக்கிறதே" என்று பதில் வருகிறது. இருக்கிறது, ஓம், இருக்கத்தான் இருக்கிறது. வெள்ளவத்தையில் இருக்கிறது!

நான் பெரிய உத்தமி என்று நினைத்துவிடாதேயுங்கோ. அன்றைக்குப் பேலியகொடையில் வேலை முடித்து வரப் பிந்திவிட்டது. வந்து பார்த்தால் மண்டபத்தில் தூசிதான் மிச்சம். எனக்கு ஒன்றும் வைக்கவில்லையே என்று ஜனா தம்பியோடு ஒரு மாதம் நான் கதைக்கவும் இல்லை.

பிறகு என்ன நடந்தது? எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஒவ்வொரு நாளும் போட்டோ. "என்ட பல்கனியில எங்கட பள்ளிக்கூட வாங்கு." கீழே இதயம், இதயம், இதயம். ஒருவர் மண்டபத்துப் பெரிய கதவைச் சாப்பாட்டு மேசையாக்கினார். லிப்டுக்குள் அது போகவில்லை. ஆறாம் மாடிக்குப் படியால் ஏற்றினார்கள், நடுவிலே நான்காம் மாடியில் இளைப்பாறி அதன் மேலேயே வைத்துத் தேத்தண்ணி குடித்தார்களாம். இன்னொருவர் முதலாம் வகுப்பு வாங்கில் வரிசையாகப் பூச்சாடி வைத்திருக்கிறார். குரோட்டன் செடி நன்றாக வளர்ந்திருக்கிறது. அதற்கும் நானே இதயம் போட்டேன்.

போன கிழமை இந்தப் பேச்சுக்காக, இடம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவரப் போனேன். விளையாட்டு மைதானத்து ஓரத்தில் தகரக் கொட்டகை. சீமெந்து நிலத்தில் பாய் விரித்திருக்கிறது. பிள்ளைகள் கீழே இருந்து, முதுகை வளைத்து, தொடையிலே கொப்பியை வைத்து எழுதுகிறார்கள். சிலதுகள் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகின்றன. மழை தகரத்தில் கொட்டுகிறது, ரீச்சர் கத்துகிறார், ஒன்றும் கேட்கவில்லை. நான் உள்ளே போனதும் அத்தனையும் எழும்பி நின்று, "வணக்கம் மிஸ்" என்று ஒரே குரலில் சொன்னதுகள்.

வாசலில் ரபீக்காவைக் கண்டேன். ரபீக்காவை உங்களில் பலருக்குத் தெரியும்; அவரும் எங்கள் பழைய மாணவிதான், எங்கள் குழுவிலும் இருக்கிறார். கணவர் இன்ஸாப்போடு கிராண்ட்பாஸில் போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறார். மகள் அர்பா இரண்டாம் வகுப்பு. "என்ன ரபீக்கா, குழுவில் சத்தமே இல்லை?" என்று கேட்டேன். அவர் சொன்னதை அவருடைய வாயாலேயே சொல்கிறேன், ஒரு சொல்லும் மாற்றவில்லை.

"என்னத்த அக்கா சொல்ற? நேத்து நீங்க எல்லாம் போட்ட போட்டோவ என்ட மகள் பாத்துட்டா. 'உம்மா, இதுல எங்கட ஸ்கூல் பேர் அடிச்சீக்கே, இது எங்கட வாங்கு தானே? அதுல ஏன் பூச்சாடி ஈக்குது?' என்டு கேக்கிறா. நான் என்ன சொல்லட்டும்? நீங்களே ஒரு பதில் சொல்லித் தாங்களேன்."

பேசப் பேசப் பரிசு வாங்கின வாய் இது. மேடைக்கு மேடை முழங்கின வாய். அன்றைக்கு நான் செய்ததெல்லாம், போனை எடுத்து அந்தப் பூச்சாடிக்குப் போட்ட இதயத்தை அழித்ததுதான். ரபீக்கா விடவில்லை.

"பொரளைக்கு மாத்தினா ரெண்டு பஸ் அக்கா. கடையத் தொறக்கிற நேரத்துல அவவக் கொண்டு பெய்த்து விட என்னால ஏலாது. பக்கத்துல சிங்கள ஸ்கூல் ஈக்கி, நல்ல ஸ்கூல்தான், நல்ல மனுசர்தான். அங்கதான் போடோணும். ஆனா பொறகு நான் தமிழ்ல எழுதி வெக்கிறத என்ட புள்ளைக்கு வாசிக்க வராம பெய்த்துரும்."

கேட்டீர்களா? ரபீக்கா பின்வரிசையில் இருக்கிறார். தலையைக் குனியாதேயுங்கோ ரபீக்கா, குனிய வேண்டிய தலைகள் வேறே. ஒரு தாய் எழுதியதை அவள் பிள்ளை வாசிக்குமா வாசிக்காதா? அதுதான் திங்கட்கிழமை முடிவாகப் போகிறது. எங்கள் மாளிகையின் பெருமையும் இல்லை, எங்கள் ஆண்டு வாரிப் படமும் இல்லை.

இன்றைய நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். எனக்குப் பிறகு ஒரு தீர்மானம்: அந்த இடத்திலே நினைவு வளைவு கட்டுவதாம். அதற்குப் பிறகு கேக் வெட்டுவதாம். கேக்கைப் பார்த்தீர்களா? அதோ, மேசையில். பள்ளிக்கூடத்தையே அச்சொட்டாகக் கேக்கில் செய்து வைத்திருக்கிறார்கள். ஓடு, யன்னல், படி எல்லாம் ஐசிங். ஐயோ, ஜனா தம்பி! ஒருமுறை இடித்தது போதாதா? கத்தியும் வைத்திருக்கிறீர்களே! சிரியுங்கோ, சிரியுங்கோ. சிரித்து முடித்தபின் கேளுங்கோ.

வளைவு பிறகு கட்டலாம். ஆயிரம் வளைவு கட்டலாம். வளைவிலே எந்தப் பிள்ளை இருந்து எழுதும்? எனக்கு வேண்டியது வாங்கு, எனக்கு வேண்டியது மேசை, எனக்கு வேண்டியது கரும்பலகை. பேலியகொடைச் சந்தைக்கு மீன் ஏற்றுகிற லொறிகள் என்னிடம் இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். அதிலே பெரியது இந்த மண்டபத்து வாசலில் நிற்கிறது. ஹாஷிம் ஓட்டுகிறார், தூக்கிற ஆட்களும் வந்திருக்கிறார்கள். கழுவி, டெட்டோல் போட்டு, இன்னொருதரம் கழுவிக் கொண்டுவந்தேன். கொஞ்சம் மணக்கும், பொறுத்துக்கொள்ளுங்கோ. கூட்டம் முடிந்ததும் வீடு வீடாக வருகிறோம். இன்றைக்குக் கொஞ்சம், நாளைக்கும் ஞாயிற்றுக்கிழமையும் மிச்சம். கொண்டுபோன மாதிரியே திருப்பித் தாருங்கோ.

என்ன அண்ணா? தர்ஷன் அண்ணா ஏதோ சொல்கிறார். "என்ர வாங்கைக் கப்பல்ல லண்டனுக்கு மகனுக்கு அனுப்பிப்போட்டன்" என்கிறார். பரவாயில்லை அண்ணா, மொரட்டுவைத் தச்சர்களிடம் போய் அதே அளவில் ஒன்று செய்வித்துத் தாருங்கோ. இதற்கு விடை நான் கத்தத் தேவையில்லை. அங்கே யார், "வார்னிஷ் அடிச்சிட்டம்" என்கிறது? வார்னிஷோடேயே தாருங்கோ, பிள்ளைகள் இரண்டு கிழமையில் பேரைக் கீறிப் பழையபடி ஆக்கிவிடுவார்கள். ஆறாம் மாடிக் கதவுக்காரர், நீங்கள் பயப்படாதேயுங்கோ. கொட்டகைக்குக் கதவு பொருந்தாது. நீங்கள் அதிலேயே சாப்பிடலாம்.

ஒரே ஒரு வீட்டை மட்டும் நான் கேட்க மாட்டேன். அதையும் சபையில் சொல்லிவிடுகிறேன். எங்கள் தலைவர் ஐயாவிடம் முதலாம் வகுப்பு வாங்கு ஒன்று இருக்கிறது. ஐயாவும் அவர் மனைவி அருந்ததி அக்காவும் சின்ன வயதில் ஒன்றாக இருந்து படித்த வாங்கு. அக்கா எங்களை விட்டுப் போய் இரண்டு வருடமாகிறது. ஐயா ஒவ்வொரு பின்னேரமும் பல்கனியில் அந்த வாங்கில் தனியே இருந்து கடலைப் பார்க்கிறார். ஒரு பக்கத்தில்தான் இருப்பார், மற்றப் பக்கத்தை வெறுமையாக விடுவார். நான் போன இடத்தில் கண்டிருக்கிறேன். அதைக் கேட்க எனக்கு வாயும் வராது, மனமும் வராது. ஐயா, அது உங்களோடேயே இருக்கட்டும்.

ஐயா எழும்புகிறார்... என்ன ஐயா? ஏதும் பிழையாகச் சொல்லிவிட்டேனா? அந்த மைக்கை ஐயாவிடம் கொடுங்கோ தம்பி.

பின்னுக்குக் கேட்கவில்லையா? ஐயா மெல்லத்தான் கதைத்தார். பொறுங்கோ, நான் சொல்கிறேன். கொஞ்சம் பொறுங்கோ, எனக்குத் தண்ணி வேண்டும்.

ஐயா சொன்னார்: "பிள்ளை, அவ இருந்தா, குழந்தையள் கீழ இருந்து எழுதுதுகள் எண்டு கேள்விப்பட்ட அண்டைக்கே அந்த வாங்கை வீட்டில வச்சிருக்க விட்டிருக்க மாட்டா. என்னைத்தான் ஏசியிருப்பா. லொறி முதல்ல என்ர வீட்டுக்கு வரட்டும்." இந்தாருங்கோ, வீட்டுத் திறப்பையும் சாவிக் கொத்தோடு என் கையிலே தந்துவிட்டார்.

அழுகிறவர்கள் அழுங்கோ, நான் தடுக்கவில்லை. எனக்கும் வருகிறது. அதோ, நடுவரிசையில் கை உயர்கிறது. அந்தப் பக்கம் இன்னும் இரண்டு. முன்வரிசையிலும். பூச்சாடிக்காரரும் கை உயர்த்திவிட்டார்! அம்மா, பூச்சாடிகளை நாங்களே இறக்கித் தருவோம், ஒரு இலையும் முறியாது. அதிபர் அம்மா, நாளைக் காலையில் கொட்டகையைத் திறந்து வையுங்கோ. ரபீக்கா, அர்பாவிடம் சொல்லுங்கோ, திங்கட்கிழமை கொப்பியை எடுத்துக்கொண்டு நேரத்தோடு வரச் சொல்லி.

பொறுமையாகக் கேட்ட பெரியோருக்கும், மழையிலும் வந்த தாய்மாருக்கும், பேசச் சொன்ன ஜனா தம்பிக்கும், எனக்கு முன்னால் முதலாவதாக எழும்பிய எங்கள் நாகேந்திரம் ஐயாவுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. இனிக் கை தட்ட வேண்டாம். தூக்க முடிந்தவர்கள் சேர்ட் கையை மடித்துக்கொண்டு என்னோடு வாசலுக்கு வாருங்கோ. வணக்கம்.